மிளகுக்கு நடுவில் ஒரு கற்பூரம்

பெரியப்பாவிடம் ஒரு பழைய பவுடர் டப்பா இருந்தது. மூடியைத் திறந்தால் முதலில் மிளகு வாசனை வரும், பிறகுதான் கற்பூரம். சும்மா வைத்தால் கற்பூரம் காற்றில் கரைந்துவிடும் என்று நாலு மிளகு போட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இந்த டப்பா சாமி மாடத்தில் இருக்காது. வேஷத் துணிகளோடு டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும். எங்களில் யாரும் அதைத் தொட்டதில்லை.

அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். என்னைத் தோளில் போட்டு வளர்த்தவர் பெரியப்பா. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவர் வேறு ஆள். அம்மன் கோயில் திருவிழாக் கூத்தில், சபை நடுவே அம்மனின் சேலையைப் பிடித்து இழுப்பவனின் வேஷம் அவருடையது. அந்தப் பாத்திரத்தின் பெயரை எங்கள் வீட்டில் சொல்ல மாட்டோம். சேலை வேஷம் என்போம், அவ்வளவுதான். முகத்தில் சிவப்பும் கறுப்புமாக எழுதிக்கொண்டு அவர் வந்தால் நான் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன்.

அவ்வளவு ஆர்ப்பாட்டமாக ஆடிவந்தவர், சேலையில் கை வைக்கும் முன் நின்றுவிடுவார். தாளம் நிற்கும். இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு கற்பூரத்தை மண்ணில் வைத்துக் கொளுத்துவார். "தாயே, வேஷத்துக்காகத் தொடுறேன், பொறுத்துக்க" என்பார். அம்மன் வேஷம் கட்டியவர் நாலு ஊர் தள்ளி இருக்கும் கொத்தனார். ஆனால் அந்த நேரத்தில் அவரை யாரும் கொத்தனாராகப் பார்ப்பதில்லை. அவர் குனிந்து சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பெரியப்பாவின் கை சேலைக்குப் போகும்.

நான் படித்து முடித்து, சென்னைக்குப் போய், சினிமாவில் உடை அலங்காரப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஒரு படத்துக்கு டைரக்டர், உப்பளத்து வெள்ளையில் ஒரு கூத்துக் காட்சி வேண்டும் என்றார். இடம் எங்கள் ஊர் என்றேன். சேலையை இழுப்பதற்கு நிஜக் கூத்துக்காரர் கிடைப்பாரா என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியப்பாவிடம் கேட்காமலேயே அவரை ஒப்புக்கொடுத்துவிட்டேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார். "கற்பூரம் கொளுத்த விடுவாங்களாம்மா?" விடுவார்கள் என்றேன்.

யூனிட் குயிலாப்பாளையத்தில் தங்கியது. கூனிமேட்டு பாய் கடையிலிருந்து பிரியாணி வந்தது. படத்தில் அம்மனாக நடித்தது ஒரு பெண், வடக்கிலிருந்து வந்த கதாநாயகி. முதல் டேக்கில் பெரியப்பா உப்புப் பாத்தி ஓரத்தில் கற்பூரம் ஏற்றி, "பொறுத்துக்கம்மா" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டபோது லைட்காரர்கள் சிரித்தார்கள். இரண்டாவது டேக்குக்கு மறுபடியும் கற்பூரம். மூன்றாவதுக்கும். கூத்தில் ரீடேக் கிடையாது, ஒரு முறை கேட்டால் போதும். இங்கே ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொட வேண்டியிருந்தது, அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டார். நாலாவது டேக்கில் மொழி தெரியாத அந்தப் பெண் தானாகவே குனிந்து சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அவள் கிளம்பிப் போன பிறகு ஒரு ஷாட் பாக்கி இருந்தது. சேலையைப் பற்றும் கை மட்டும், கிட்டத்தில். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் சுடிதாரின் மேலேயே அந்தச் சேலையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். பெரியப்பா டப்பாவைத் திறந்தார். அதில் ஒரே ஒரு கற்பூரம் இருந்தது. கேமராக்காரர் வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"நான்தானே பெரிப்பா. எனக்குப் போயி எதுக்குக் கற்பூரம்?" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். கையை நீட்டிப் பிடித்து இழுத்தார். ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அவர் வேஷத்தைக்கூடக் கலைக்காமல் வரப்பு மேலேயே நடந்து வீட்டுக்குப் போனார்.

அந்த வருஷத் திருவிழாவில் சேலை வேஷம் கட்ட மாட்டேன் என்றுவிட்டார். ஊரில் பேசினார்கள், சினிமாவில் முகம் காட்டியதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று. இத்தனைக்கும் படத்தில் அவர் முகம் வரவே இல்லை. நாலு டேக்கையும் எடிட்டிங்கில் தூக்கிவிட்டார்கள். மிஞ்சியது அந்தக் கை மட்டும், அதுவும் இரண்டு விநாடி. வேஷம் வேறொருவருக்குப் போனது. அவரும் நன்றாகத்தான் ஆடுகிறார்.

எனக்குத் தெரிந்த ஒரே காரணம் அம்மன். கற்பூரம் ஏற்றாமல் தொட்டதில் சாமி குத்தம் ஆகிவிட்டது என்று பயப்படுகிறார், அதைச் செய்ய வைத்தவள் நான் என்று கோபம். அப்படித்தான் நினைத்தேன். அதற்கு ஏற்றபடி நடந்துகொண்டார். நான் ஊருக்கு வந்தால் என் முகம் பார்த்துப் பேச மாட்டார். "அது சாப்டுச்சான்னு கேளு" என்று பெரியம்மா வழியாகத்தான் பேச்சு. நான் கோயிலில் கூழ் ஊற்றினேன், நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தேன். அவர் மாறவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர் என்னைப் பார்க்காமல் ஏழு வருஷம் போனது.

இந்த ஏழு வருஷத்தில் எத்தனையோ பெண்களுக்குச் சேலை கட்டிவிட்டு, அதை யாரோ இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நடிப்புதானே என்பது எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிற வார்த்தை. பெரியப்பா அதை நம்பாதவர். பொய்யாகச் செய்தாலும் செய்வது தன் கைதான் என்பது அவர் கணக்கு. அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். என்னை உறுத்தியது, அவ்வளவுதான்.

போன வைகாசியில் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவியில் அந்தப் படம். "ஒங்க பெரிப்பா கை வருது பாரு" என்று பெரியம்மா கூப்பிட்டார். பெரியப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். "இப்புடித்தான். அந்த டப்பாவுல வேற வருசா வருசம் மெளகு மாத்துறாரு. வேசமே கட்றதில்ல, எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு" என்றார் பெரியம்மா.

நான் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"எம்மேல இன்னா கோவம் பெரிப்பா? அம்மனுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டேனே."

"அம்மனுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லம்மா. அவகிட்ட எத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கேன், அவ பொறுத்துக்குவா." தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாரோ ஊரு பேரு தெரியாத பொண்ணு, அதுகிட்ட நாலு வாட்டி கேட்டேன். நான் வளத்த புள்ள, ஒங்கிட்ட ஒரு வாட்டி கேக்கல. நான்தானேன்னு நீ சொன்ன, நானும் சரின்னு புடிச்சி இழுத்துட்டேன். எந்த மூஞ்ச வெச்சிக்கினு ஒன்னப் பாக்குறது?"

கோபம் என்று நான் நினைத்திருந்தது வெட்கம். என்மேல் அவருக்கு ஏழு வருஷமாக எந்த வருத்தமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது.

அவர் உள்ளே போய் டப்பாவோடு வந்தார். மிளகுக்கு நடுவில் அன்றைக்கு மிஞ்சிய கற்பூரம் இருந்தது. என்னதான் மிளகு மாற்றினாலும் ஏழு வருஷத்தில் கரைந்து, மிளகு அளவுதான் இருந்தது. அதைத் துவைக்கிற கல்லில் வைத்துக் கொளுத்தினார். உள்ளே டிவியில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வேஷத்துக்காகத் தொட்டேன்மா. பொறுத்துக்க."

என்னிடம் போய் எதற்குப் பெரியப்பா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த முறை சொல்லவில்லை. அணைவதற்குள் குனிந்து, சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவைக் கவிழ்த்து மிளகை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்துப் பெரியம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

"ஏம்மே, இந்த மெளகு ரசத்துக்கு ஆவுமா பாரு."