பத்துக் கதையும் ஒரு சாரமும்

மச்சாளின் கையிலிருக்கும் கத்தி நின்றால் கதை நல்லது. ஓடிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட வேண்டும். என் முதல் புத்தகத்தைத் திருத்தியது மீன் வெட்டும் கத்திதான் என்று கூட்டங்களில் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். நான் பகிடிக்குச் சொல்வதில்லை. எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் ஒரு பலகைக் கட்டையில் குந்தி, பாரை மீனின் செதிளைச் சுரண்டியபடி மச்சாள் இருப்பார். நான் எதிரே கதிரையில் கொப்பியைப் பிரித்துக்கொண்டு வாசிப்பேன். சர், சர் என்று செதிள் பறக்கும். திடீரென்று அந்தச் சத்தம் நிற்கும். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பார்த்தால் அவருக்கு வெட்கம் வந்து மறுபடி சுரண்டத் தொடங்கிவிடுவார். ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டுவிடுவேன்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. கடற்கரை ஊரான சல்லியில் வாழ்க்கைப்பட்டவர். புதனும் ஞாயிறும் காலை பஸ்ஸில் மீனோ கருவாடோ கொண்டு எங்கள் அன்புவழிபுரத்துக்கு வருவார். எனக்கும் அவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். நான் தையல் தைப்பவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சாமான் சுற்றி வந்த பேப்பர் துண்டுகளில் பாதிக் கதையை வாசித்து, மீதிப் பாதியை நானே யோசித்து முடித்து முடித்துத்தான் எழுதப் பழகினேன். தைக்க வருகிறவர்கள் அளவு கொடுக்க நிற்கும்போது வாய் திறப்பார்கள். கையைத் தூக்கு, திரும்பு என்று சொல்லிக்கொண்டே நான் காதால் அளவெடுப்பேன். எழுத்தாளர்கள் எங்கே போய்ப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் படிப்பு அளவு நாடாவுக்கு இந்தப் பக்கம்.

மச்சாளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். கேட்பதில் அவரை வெல்ல ஆளில்லை. ஒருமுறை நான் மழையை வர்ணித்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கத்தி நிற்கவே இல்லை. கடைசியில் சொன்னார்: "எடி, அந்த மனிசன் படலையைத் திறந்து எவ்வளவு நேரம்? நனைஞ்சு சன்னி பிடிச்சுச் சாகப் போறான். முதல்ல அவனை உள்ளுக்குக் கூப்பிடு." இன்னொரு கதையில் ஒருத்தி பக்கத்துக்குப் பக்கம் அழுதாள். "இவள் அழுது முடிச்சிட்டு என்ன செய்யிறாள் எண்டு சொல்லு. எல்லாரும் அழுதிட்டு உலை வைக்கத்தானே வேணும்" என்றார். நான் அழுகையை வெட்டி உலையை வைத்தேன். அந்தக் கதைதான் முதன்முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்தது.

அண்ணன், அதாவது மச்சாளின் கணவர், கடலில் பிறந்து வளர்ந்தவர். ஒரு மாரிகாலத்தில் வள்ளம் கவிழ்ந்து, விடியும்வரை அதன் அடிப்பக்கத்தைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தார். கரை சேர்ந்தபின் ஒரு மாதத்தில் எல்லாம் சுகம். வள்ளத்தில் கால் வைத்தால் மட்டும் இரண்டு கையும் நடுங்கும். சல்லியில் ஒரு ஆம்பிளை இதை எப்படி வெளியே சொல்வது? கிண்ணியாவில் ஒரு முதலாளியின் போட்டில் தொழிலுக்குச் சேர்ந்துவிட்டதாக ஊருக்குச் சொன்னார்கள். அண்ணன் விடியச் சைக்கிளில் பட்டினம் வந்து, பஸ் பிடித்துப் பாலம் கடந்து போவார். போனது கடலுக்கல்ல, அங்கே ஒரு அரிசி ஆலைக்கு மூட்டை தூக்க. பின்னேரம் சந்தையில் ஒரு கோர்வை மீன் வாங்கிச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊருக்குள் வருவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒருநாள் மச்சாள் மூட்டுப் பிரிந்த சாரம் ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தார். இடுப்பில் கட்டும் அந்தத் துணி உப்பில் ஊறி அட்டைபோல விறைத்திருந்தது. ஊசி இறங்கவில்லை. "என்ன மச்சாள், அண்ணன் கடலுக்குள்ளயோ படுக்கிறவர்?" என்று கேட்டேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சீலைத் தலைப்பை வாயில் வைத்தார். பிறகு சொன்னார். தினமும் அண்ணன் வந்து குளித்த கையோடு, மச்சாள் அவருடைய சாரத்தை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் அலையில் நனைத்து, பிழிந்து, வேலியோரக் கொடியில் விரித்துவிடுவாராம். ஊர் பார்க்கட்டும் என்று. மூன்று வருடமாக.

அந்தக் கதையை நான் ஐந்து நாளில் எழுதினேன். அதற்கு முந்தியும் பிந்தியும் எனக்கு அப்படிக் கை ஓடியதில்லை. ஊரை மாற்றினேன். பெயர்களை மாற்றினேன். கணவனுக்கு மீசை வைத்தேன், மனைவியைக் குள்ளமாக்கினேன். மச்சாளுக்கு மட்டும் அதை வாசித்துக் காட்டவில்லை. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டினத்தில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என் கதைகளைப் புத்தகமாகப் போட ஒத்துக்கொண்டிருந்தார். பதினொரு கதையையும் வாசித்துவிட்டு, "பிள்ளை, இந்தச் சாரக் கதைதான் முதுகெலும்பு. இதுக்காகத்தான் புத்தகம்" என்றார். அணிந்துரையையும் அவரே எழுதினார். நான் காற்றில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அச்சுக்குப் போகக் கிட்டத்தட்ட ஒரு கிழமை இருக்கையில் மச்சாள் கட்டையில் குந்தியபடி கேட்டார்: "பதினொரு கதை எண்டு சொன்னனி. எனக்குப் பத்துத்தானே வாசிச்சுக் காட்டினனி?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது எனக்கிருந்த துணிச்சல் இப்போது நினைத்தால் எனக்கே வியப்பு. நல்ல கதை, கேட்டால் சந்தோசப்படுவார் என்றே நம்பினேன். கொப்பியை எடுத்து வாசித்தேன். முதல் பக்கத்திலேயே கத்தி நின்றது. பதினான்கு பக்கமும் அது அசையவில்லை. ஒரு செதிள்கூடப் பறக்கவில்லை. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது மச்சாள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்" என்றார். "ஊரை மாத்திப்போட்டாய். பேரை மாத்திப்போட்டாய். அந்தச் சாரத்தை ஏனடி மாத்தேல்ல?"

"அதை மாத்தினாக் கதை இல்லை, மச்சாள்."

"அதை மாத்தாட்டி எனக்கு வீடு இல்லை. எங்கட வேலியில தொங்கின சாரத்தை ஊரில காணாத ஆள் இல்லை. இதை வாசிச்ச ஆக்கள் அவரைப் பார்த்துச் சிரிச்சா, அந்த மனிசன் என்ன செய்யும்? உனக்குப் புத்தகம் வரும். எனக்கு அவர் வேணும்."

மீனைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அந்தப் புதன் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை.

நான் இரண்டு நாள் கதையோடு மல்லுக்கட்டினேன். சாரத்துக்குப் பதிலாக வலையை நனைத்துப் பார்த்தேன். வலை வீட்டில் ஏது? செருப்பில் மணல் அப்பினேன். அது துப்பறியும் கதைபோல ஆயிற்று. மீன் வாளியை வாசலில் வைத்தேன். வாளி வாளியாகவே இருந்தது, அந்தப் பெண் காணாமல் போனாள். ஒரு பெண் தன் புருசனின் துணியை உலகத்துக்கு எதிரே காயப்போடுவதில் இருந்த அந்த உயிர் வேறெதிலும் வரவில்லை. எழுதத் தெரிந்தவளுக்கு இது விளங்க இரண்டு நாள் போதும். மூன்றாம் நாள் பதிப்பாளர் ஐயாவின் வீட்டுக்குப் போய், கதையை எடுக்கச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முள்ளை உருவினா மீன் நிக்குமோ பிள்ளை? எழுதுறவை எல்லாரும் அயலட்டைச் சனத்தைக் கேட்டோ எழுதினவை?"

"ஐயா, எங்கட சனம் முள்ளில்லாத மீனையும் தின்னும். பத்தோட போடுங்கோ."

முணுமுணுத்துக்கொண்டே பொருளடக்கத்தைத் திருத்தினார். பக்க எண்களை மாற்றினார். புத்தகத்துக்கு வேறொரு கதையின் தலைப்பை வைத்தார். எல்லாம் பார்த்தோம். அணிந்துரையை மட்டும் இருவரும் திறக்கவில்லை. அவர் எழுதியதை அவர் மறந்துபோனார். என்னைப் புகழ்ந்து எழுதியதை நானே வாசிக்க எனக்குக் கூச்சம். அதனால் முதல் நாளிலிருந்தே அந்தத் தாள்களைத் தாண்டித்தான் போனேன். பிழை என்னுடையதுதான்.

வெளியீட்டு விழாவுக்கு மச்சாளும் அண்ணனும் வந்தார்கள். கதையை எடுத்துவிட்டேன் என்று நான் சொல்லியனுப்பியிருந்தேன். மச்சாள் முன்வரிசையில் கூறைச் சீலையோடு இருந்தார். சல்லியிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள். வலைகளுக்கும் வள்ளங்களுக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியார் மேடைக்கு வந்து சிறப்புப் பிரதி வாங்கினார். விளக்கேற்றி, வரவேற்று, வாழ்த்தி முடிந்தபின் நயவுரை சொல்ல ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழும்பினார். நல்ல குரல். புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். அவர் வாசித்தது அணிந்துரையை மட்டும்தான் என்பது பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் தெரிந்தது.

"இத்தொகுதியின் மணிமுடியான கதை எதுவென்று கேட்டால்," என்றார், "கடலுக்கு அஞ்சிய கணவனின் மானத்தைக் காக்க, ஒவ்வொரு மாலையும் அவனுடைய சாரத்தைக் கடல்நீரில் நனைத்துக் கொடியில் இடுகிறாளே ஒரு மீனவப் பெண், அந்தக் கதையைத்தான் சொல்வேன்."

பிறகு கால் மணித்தியாலம் அந்தக் கதையையே சொன்னார். மண்டபம் முழுக்கப் பக்கம் புரட்டும் சத்தம். எல்லாரும் அந்தக் கதையைத் தேடினார்கள். "எத்தினையாம் பக்கம்?" என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகக் கேட்டார்கள். மச்சாள் மட்டும் மடியில் கிடந்த புத்தகத்தைத் திறக்கவில்லை. அண்ணன் எழும்பி வெளியே போனார். என் ஏற்புரை முறை வந்தபோது, வாயைத் திறந்தால் மூடாதவள் என்று பெயரெடுத்த நான், வந்தவர்களுக்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கூட்டம் தேநீருக்குக் கலைந்தபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணன் வாசல் கேற்றடியில் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் மச்சாள். அவர்களை நோக்கிச் சம்மாட்டியார் நடந்துகொண்டிருந்தார், சிறப்புப் பிரதி கக்கத்தில். இனி என்ன கேட்கப் போகிறோமோ என்று நானும் கிட்டப் போனேன்.

"பிள்ளை," என்றார் மச்சாளைப் பார்த்து, "அந்தப் பேச்சாளருக்குக் கடல் தெரியாது. ஆழத்தில நனைஞ்ச துணியில மணல் வருமோ? அலைக்கரையில தோய்ச்சாத்தான் மணல். உங்கட கொடியில காய்ஞ்ச சாரமெல்லாம் விளிம்பில மணல் ஒட்டிக் கிடந்தது. நாங்கள் முதல் கிழமையே கண்டிட்டம்."

மச்சாள் வாயைப் பிளந்தார். "கண்டனீங்களோ?"

"ஓம்."

"ஊரில எல்லாருமோ?"

"கண்ணுள்ள ஆக்கள் எல்லாரும்."

"அப்ப மூண்டு வருசமா ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

"நீ அவ்வளவு பாடுபட்டு நனைக்கிறாய். எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

பிறகு அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "தம்பி, நாளைக்குக் கரைவலை போடுறம். கயிறு இழுக்க ஒராள் குறையுது."

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. "என்னால வள்ளத்தில ஏற ஏலாது, அண்ணை."

"வள்ளத்துக்கு ஆள் இருக்கு. நான் கேட்டது கயித்துக்கு. கரையில நிண்டு இழுக்கிறது."

உள்ளே கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் தொண்டையைச் செருமினார். "விடிய எத்தினை மணிக்கு வரவேணும்?"

இதை நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு ஊரே, ஒரு சொல் பிசகாமல், ஒருத்தி சொன்ன பொய்யை அவளுக்காகக் காப்பாற்றியிருக்கிறது. "இண்டைக்குக் கிண்ணியாக் கடல் எப்பிடி?" என்று அண்ணனிடம் கேட்டவர்கள் எல்லாரும் பதிலைத் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். கதை கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சாள் காலமாகி இரண்டு வருடமாகிறது. அண்ணன் இன்றும் கரைவலைக் காலத்தில் கயிற்றில் நிற்கிறார். எனக்கு நாலு புத்தகம் வந்துவிட்டது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போகிறேன், அணிந்துரைகளை வரிவரியாக வாசிக்கிறேன். எடுத்துவிட்ட அந்தக் கதை இரண்டாவது புத்தகத்தில் முதற்கதையாக வந்தது. பதினான்கு பக்கம் பதினேழாயிற்று. எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்த விழாவன்று பின்னேரத்தைத்தான் சொல்வேன்.

சல்லி வான் புறப்பட நின்றது. நான் மன்னிப்புக் கேட்க மச்சாளின் கையைப் பிடித்தேன். அவர் கையை உதறவில்லை.

"உந்த அணிந்துரையை நீ வாசிக்கவே இல்லையோ?" என்றார்.

"இல்லை மச்சாள். வெக்கமா இருந்தது."

"விசரி. ஊரெல்லாம் வாசிக்கக் குடுத்திட்டு உனக்கு மட்டும் வெக்கம்." வானில் ஏறி யன்னலோரம் இருந்துகொண்டார். வான் நகரத் தொடங்கியபின் தலையை வெளியே நீட்டினார்.

"எடி, இனி அந்தக் கதையைப் போடு. ஆனா மணலையும் சேர்த்துப் போடு!"