குறிப்பேட்டில் வந்த மன்னிப்பு

வில்லியனூருக்குத் தெற்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணினிப் பாடம் எடுக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கும் பிரான்ஸில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கும் பரிமாற்றத் திட்டம் ஒன்று அமைந்தது. மாதத்தில் இரண்டு நாள், எங்களுக்குக் கடைசிப் பீரியடாகவும் அவர்களுக்கு முற்பகலாகவும் இருக்கும் நேரத்தில், இரண்டு வகுப்புகளும் திரையில் சந்திக்கும். இணையத்தில் பத்திரமாக இருப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் பாடம் எடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு ஜோடி உண்டு. இடைப்பட்ட நாட்களில் எழுதிக்கொள்ள இணையத்தில் ஒரு பொதுக் குறிப்பேடு வைத்திருந்தோம். அதில் எழுதுவது எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகள் அந்த நாளில் பவுடர் பூசி, தலையைப் படியச் சீவிக்கொண்டு வருவார்கள். நடுவில் கரண்ட் போய்த் திரை இருண்டால் ஐயோ என்று ஒரு சத்தம் எழும். எல்லோரையும்விட உற்சாகமாக இருந்தவள் முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண். அப்பா கரும்பு பயிரிடுபவர். "தெரியாதவர் கேட்டால் பெயர் சொல்லாதே, ஊர் சொல்லாதே, படம் அனுப்பாதே" என்று எங்கள் வகுப்பின் சார்பில் எழுதி ஒட்டியவள் அவள்தான். அவளுடைய பிரெஞ்சு ஜோடி முயல் வளர்க்கும் பெண். அவளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் "இன்னாபா" என்று சொல்ல இவள் கற்றுக்கொடுத்து, அந்த வகுப்பு முழுவதும் அதைச் சொல்லும்படி செய்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கு வந்து வண்டியை நிறுத்தும்போது பிரெஞ்சு ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. 'குறிப்பேட்டில் உங்கள் மாணவி எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? என் மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு எந்தச் செயலியிலும் கணக்கே கிடையாது' என்று எழுதியிருந்தார்.

குறிப்பேட்டைத் திறந்தேன். முந்தின நாள் மாலை எங்கள் முதல் பெஞ்சுப் பெண் தன் ஜோடிக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். 'என்மேல் கோபப்படாதே. அந்த மாதிரி படம் என்னால் அனுப்ப முடியாது. மன்னித்துவிடு. என் அப்பாவுக்கு மட்டும் தயவுசெய்து அனுப்பிவிடாதே.'

இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. பிரான்ஸில் இருக்கும் அந்தப் பெண் எதையும் கேட்டிருக்கவில்லை. அவள் பெயரில் வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள்.

வகுப்புக்கு ஓடினேன். முதல் பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது. அவள் தோழியை வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டேன். அவள் முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"யாராண்டயும் சொல்லாதன்னா மிஸ். பாண்டிக்குப் போறேன்னு காலைல பஸ் ஏறிட்டா. அந்தப் பொண்ணோட மாமா பீச்சாண்ட வராராம். நேர்ல வந்து பேசினா எல்லாத்தையும் அழிச்சிடுவாராம்."

"எல்லாத்தையும்னா எதை?"

"தெரியல மிஸ். கேட்டா அழுவுறா."

தலைமை ஆசிரியை போலீஸுக்குப் போன் செய்தார். நான் அவள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மிஸ், இந்நேரத்துல? பாப்பா ஸ்கூலுக்கு வந்துச்சே?" வரவில்லை என்று சொன்னேன். மகளிடம் இருந்தது கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன். அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மா போட்ட சத்தத்தில் தோட்டத்திலிருந்து அப்பா சேற்றுக் காலோடு ஓடிவந்து என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தார்.

பாண்டி சாலையில் வண்டியை விரட்டினேன். மாமா என்ற அந்த ஆள் பாண்டியில் பஸ் வரும்வரை காத்திருப்பானா, பாதி வழியிலேயே வந்து நிற்பானா என்று மனம் எங்கெங்கோ போனது. எதிரில் வந்த ஒவ்வொரு காரின் கண்ணாடிக்குள்ளும் பார்த்தேன்.

பாண்டி பஸ்கள் நிற்கும் வில்லியனூர் நிறுத்தத்தில் இறங்கி, பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் அவர் கேட்டார். "யூனிபார்ம் போட்ட பொண்ணு ஒண்ணு எறங்குச்சா?"

"எறங்கி ரொம்ப நேரம் இங்கியே நின்னுச்சு. அப்புறம் ஸ்டேஷன் பக்கமா போச்சு."

ரயில் நிலையத்தில் அந்த நேரத்துக்கு வண்டி இல்லை. பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்பாவைக் கண்டதும் எழுந்து பின்னால் நகர்ந்தாள். அவர் அடிக்கப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். பிறகு தானும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"பாண்டி வரைக்கும் போவலப்பா" என்றாள். "பயமா இருந்துச்சு. எறங்கிட்டேன்."

போனை நான் வாங்கிப் பார்த்தேன். பிரெஞ்சுப் பெண்ணின் பெயரில் ஒரு கணக்கு. ஆறு வாரமாக முயலைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் நட்பாகப் பேசியிருக்கிறது. பிறகு படம் கேட்டிருக்கிறது. வீட்டு வாசலில் நின்று எடுத்த சாதாரணப் படம் ஒன்றை இவள் அனுப்பியிருக்கிறாள். அதை அந்த ஆள் கணினியில் வேறு மாதிரி மாற்றித் திருப்பி அனுப்பியிருந்தான். அதை நான் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மிரட்டல்: இன்னும் படம் அனுப்பு, இல்லையென்றால் இது உன் அப்பாவுக்குப் போகும் என்று. அங்கே கெஞ்சிப் பலிக்காமல்தான் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள்.

ஜோடியின் பெயரும் முயல் வளர்ப்பதும் அவனுக்கு எப்படித் தெரிந்தன? உரையாடலின் தொடக்கத்துக்குப் போனேன். முதல் செய்தியே ஒரு புகைப்படம். பிரெஞ்சுப் பிள்ளைகள் நிறைந்த திரை, அதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகள். பக்கத்துக் கரும்பலகையில் யாருக்கு யார் ஜோடி என்று என் கையெழுத்தில் ஒரு பட்டியல், பெயருக்கு எதிரே அவரவருக்குப் பிடித்தது. 'நம் வகுப்புப் படம், உங்கள் டீச்சர் போட்டது' என்று அதன்கீழ் எழுதியிருந்தது.

அது நான் எடுத்த படம். பெருமை தாங்காமல் என் முகநூலில், எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தேன். பாராட்டுகள் குவிந்ததில் மகிழ்ந்தும் போயிருந்தேன்.

ஒரு கணம் போனை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. அது உண்மை. ஆனால் அவள் எல்லாம் தன் தப்பு என்று நினைத்து அழுதுகொண்டிருந்தாள். அந்தப் படத்தைப் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நீங்கதான மிஸ் போட்டோ போடக்கூடாதுன்னு சொன்னீங்க?"

அவள் அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவனுக்கு எங்க வூடு தெரியுமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். அவள் அனுப்பிய படத்தில் வாசல் தெரிவதைச் சொன்னேன்.

அன்றே சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். அங்கிருந்த பெண் அதிகாரி, எதையும் அழிக்க வேண்டாம், அவனுக்குப் பதில் எழுதவும் வேண்டாம் என்றார். பிரெஞ்சு ஆசிரியைக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். அங்கே அந்தப் பெண்ணின் தாய் பயந்துபோய் அவளைத் திட்டத்திலிருந்து விலக்கிவிட்டார். அதற்கும் காரணம் நான்தான்.

அடுத்த சந்திப்பில் எங்கள் பெண்ணின் அனுமதியோடு, அவள் பெயரைச் சொல்லாமல், என் படத்தால் வந்ததை இரண்டு வகுப்புகளுக்கும் சொன்னேன். எங்கள் பக்கம் ஒரு மாணவி கை தூக்கினாள். "அப்ப உங்களுக்கு யாரு மிஸ் பாடம் எடுப்பாங்க?" யாரும் சிரிக்கவில்லை.

பாடத்தை அவர்கள்தான் எடுத்தார்கள். என் முகநூல் கணக்கைத் திரையில் போடச் சொல்லி, பிள்ளைகள் ஒவ்வொரு படமாக ஆராய்ந்தார்கள். முதல் பெஞ்சுக்காரி எழுந்து வந்து குச்சியால் சுட்டிக் காட்டினாள். "இதுல உங்க வண்டி நம்பர் தெரியுது. இதுல வூட்டு வாசல்." பிறகு ஒரு படத்தில் குச்சி நின்றது. என் மகளின் பிறந்தநாள் படம். பள்ளிச் சீருடை, அதில் பள்ளியின் சின்னம், படத்தின்கீழ் அவள் பெயர், வயது, வகுப்பு. எல்லாம் நானே எழுதியவை.

"இது உங்க பாப்பாவா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தப் படத்தை அங்கேயே அழித்தேன். எத்தனை பேர் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்?

மிரட்டியவனைப் போலீஸ் இன்னும் பிடிக்கவில்லை. அந்தக் கணக்கு மறைந்துவிட்டது. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். முதல் பெஞ்சுக்காரி இப்போது பத்தாம் வகுப்பு. முன்புபோலச் சத்தமாகவே பேசுகிறாள். தினமும் அப்பாதான் பைக்கில் கொண்டுவந்து விடுகிறார். நான் வெளியே வந்து அவளை அழைத்துக்கொண்டு உள்ளே போகும்வரை அவர் பள்ளி வாசலில் நிற்கிறார். மாலையில் என் மகள் வீட்டுக்கு வர ஐந்து நிமிடம் தாமதமானால் நானும் தெருவுக்கு வந்துவிடுகிறேன்.