ஓட்டை அக்கா

பட்டப்பகலில் அடுத்த வீட்டுக் கொசுவலைக்குள் மல்லாந்து கிடக்கிறார் தையல்கார அக்கா. தூக்கமில்லை. சன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு, உதட்டில் ஊசியைக் கவ்வியபடி, வெளிச்சம் எங்கே கொஞ்சம் கூடுதலாகக் கசிகிறது என்று பார்க்கிறார். நம் கண்ணுக்கு வலை முழுக்கவே ஓட்டைதான். அவர் விரல் மட்டும் நேராக ஓரிடத்துக்குப் போய் வெளியே எட்டிப் பார்க்கும். "இந்தா, கொசுவுக்குத் தலைவாசல்," என்பார். கண்ணா, பூதக்கண்ணாடியா என்று வாயைப் பிளக்கத்தான் தோன்றும்.

தெருவில் அவருக்கு 'ஓட்டை அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. காலையில் தையல் மெஷின், மதியம் வீடு வீடாக வலை. ஒட்டுப்போடுவதற்கு ரவிக்கை வெட்டியதில் மிஞ்சும் துணி. அதனால் எங்கள் தெரு வலைகளில் எல்லார் வீட்டு ரவிக்கையும் இருக்கிறது.

வலையைக் கோழிக்குஞ்சுக்கு மூடியிருந்தால், கேட்காமல் கொள்ளாமல் அவிழ்த்துவிடுவார். "கோழிக்கு மலேரியா வராது. உன் புள்ளைக்குத்தான் வரும்." துவைத்து வெயிலில் போட்டாலும் வசவுதான். "வலையில இருக்கிற கொசு மருந்து செத்துப்போகும். நிழல்ல போடு."

லாரி டிரைவரின் மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். போன வருடம் மலேரியாக் காய்ச்சலில் வயிற்றிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். பொழுது சாய்ந்தால் வலைக்குள் போகமாட்டாள். விசிறியும் கையுமாக விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். கண்ணெல்லாம் குழி விழுந்துவிட்டது. மாமியார் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.

அக்காவிடம் மட்டும் வாய் திறந்தாள்.

"போன தடவையும் இதே வலைக்குள்ளதான்க்கா படுத்தேன்."

அக்கா மதியம் முழுக்க அந்த வலையை அங்குலம் அங்குலமாகத் தடவினார். மேல் மூலையில், கயிறு கட்டுகிற மடிப்புக்குள், யாரும் பார்க்காத இடத்தில் தையல் விட்டிருந்தது. தைத்தார், மேலே ஒட்டும் போட்டார்.

"இப்ப படு."

"பயமா இருக்குக்கா. இன்னொரு ஓட்டை இருந்தா?"

அந்தி இறங்கிவிட்டது. காதோரம் கொசு ரீங்கரிக்கத் தொடங்கியது. அக்கா விறுவிறுவென்று வலைக்குள் நுழைந்து, சுற்றிலும் பாய்க்கு அடியில் ஓரத்தைச் செருகினார்.

"நீ ரெண்டு உசுரு. எனக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரையை முழுங்கிட்டு மெஷினை மிதிப்பேன். கொசு உள்ள வந்தா முதல்ல என்னைக் கடிக்கட்டும்."

சொல்லிவிட்டு, ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டி, இரண்டு கைகளையும் வெறுமனே நீட்டிப் போட்டு, அசையாமல் படுத்துக்கொண்டார்.