மிளகாய்ப் பொட்டலமான நாற்பது பக்கங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். ஒவ்வொரு நோன்பு மாதமும் நினைப்பேன். வீட்டு வேலையில் அசந்துபோய் விட்டுவிடுவேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கச்சிராயபாளையத்தில் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், மளிகைக் கடை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, கடைக்கு மூட்டை இறக்குவார். மிச்ச நேரமெல்லாம் ரஷ்ய நாவல்தான். தமிழில் வந்த கனத்த புத்தகங்கள். பனி, குதிரை வண்டி, வாயில் நுழையாத பெயர்கள். கதையில் யாராவது தேநீர் குடித்தால் இவரும் அம்மாவிடம் டீ கேட்பார்.

"அல்லாவே இல்லன்ற ஊரு புக்கு. அதுல இன்னாதான் கீது?" என்பார் அத்தா. மாமு சிரித்துக்கொண்டே பக்கம் புரட்டுவார்.

அந்த வருஷம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டிக் கள்ளக்குறிச்சி ரோட்டில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, சரக்கு இல்லை, பொட்டலம் கட்டும் பழைய பேப்பரும் தீர்ந்துபோனது. கூலிக்காரர்கள் அன்றன்றைக்குக் கொஞ்சமாக வாங்குவதால் எங்களுக்குப் பேப்பர் செலவு ஜாஸ்தி. "வூட்ல எதனா பழசு கீதா பாரு" என்று அத்தா என்னை அனுப்பினார்.

எங்கள் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அரபி எழுத்து இருக்கும் தாளில் பொட்டலம் கட்டக்கூடாது. மாமுவின் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை. பாவமில்லை என்று பின்பக்கத்திலிருந்து கிழித்துக் கொடுத்தேன். அத்தா கூட்ட அவசரத்தில் கவனிக்கவில்லை.

மாமு பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வந்தபோது கடைசி நாற்பது பக்கம் போயிருந்தது. அவர் இன்னும் படிக்காத நாற்பது. என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, பொட்டலம் வாங்கிப் போனவர்கள் வீடு வீடாக நடந்தார்.

"மொளகாய கொட்டிக்கினு காயிதத்த அடுப்புல போட்டுட்டனே பாயி! எதனா கவர்மெண்டு காயிதமா?" என்றாள் ஓர் அக்கா.

"இல்லக்கா, கதெ."

"கதெக்கா இம்மாம் வெயில்ல அலையற?"

பதினோரு தாள்தான் கிடைத்தது. திரும்பும் வழியில் மாமு ஒவ்வொன்றையும் ஊதித் துடைத்து, குர்ஆன் தாள் கீழே விழுந்தால் செய்வதுபோல் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மாமு, அது அரபி இல்ல."

"தெரியும் பாப்பா" என்றார். குரல் களைத்திருந்தது. பாவம், மாமுவுக்கு எது எந்த எழுத்து என்றே மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு பிரதி தேடினார், அகப்படவில்லை. முடிவு தெரியாமலே மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். என் பிள்ளைகளெல்லாம் பெரிதான பிறகு அதே நாவல் நூலகத்தில் கண்ணில் பட்டது. இரவல் எடுத்து வந்து படித்தேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழவன் பனியில் மண்டியிட்டு, பக்கம் பக்கமாக இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறான். எல்லாம் தமிழில்தான் இருந்தது. அன்று ஒவ்வொரு தாளாகப் பார்த்த நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். சின்னப்பிள்ளை, தெரியாமல் செய்தது என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம்.