பத்தரை மணிக்கு நின்ற கொம்பியூட்டர்

கொம்பியூட்டர் வேலையில் முக்கால்வாசி காத்திருப்பது. மீதி, காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்வது. கறுப்புத் திரைக்கு முன்னால் காத்திருந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் தட்டச்சும் படிப்பித்தலுமாக இருந்தேன். இயந்திரம் ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் இளைப்பாறிய கணித ஆசிரியர், எல்லோருக்கும் மாஸ்டர்; நான் ரீச்சர்.

நல்ல நேரம்

கொம்பியூட்டரை எழுப்பி இயக்கும் டொஸ்ஸின் புதிய பதிப்பு நாலு பிளொப்பித் தட்டுகளில் கொழும்பிலிருந்து வந்தது. மாஸ்டர் வெள்ளிக்கிழமை காலை நேரம் பார்த்து, இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பழையதன் மேல் புதியதை ஏற்றத் தொடங்கினார். தகரத்தில் தூறல் விழுவதுபோல உள்ளே ஒரு சத்தம். மூன்றாவது பிளொப்பி பாதியில் இருக்கும்போது மணி பத்தரை ஆகிவிட்டது. ராகுகாலம். நான் "ஐயோ" என்பதற்குள் மாஸ்டர் சுவிச்சை நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பப் போட்டால், தொடங்குவதற்கு வேண்டிய கோப்பு இல்லை என்று ஒரு வரி. அதற்குமேல் அசைவில்லை. மாஸ்டர் அதை இரண்டுதரம் வாசித்தார். "ராகுகாலத்திலை ஓடவிட்டிருந்தா இன்னும் மோசமாப் போயிருக்கும், ரீச்சர்."

அளவெட்டி அக்கா

அந்த நேரம் பார்த்து அளவெட்டியிலிருந்து பரமேஸ் அக்கா வந்தார். திங்கட்கிழமை கீரிமலையில் அவருடைய தகப்பனாரின் முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி. அன்று கொடுக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகத்துக்கு, தகப்பனாரைப் புகழ்ந்து இருபது பாட்டுகளைத் தானே கட்டி, என் பக்கத்தில் இருந்து வாயாலேயே சொல்லியிருந்தார். மூன்று பின்னேரங்கள், சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தாளில் ஒரு வரியும் இல்லை. அன்று மாலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். எல்லாம் அந்த இயந்திரத்துக்குள்.

என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். "ஐயா ஒருக்காச் செத்தது போதாதோ, ரீச்சர்?"

பழைய பிளொப்பி

பாதியில் நின்ற புதியதை மறுபடி ஏற்றினால் பாட்டுகள் அழிந்துவிடுமோ என்று பயம். பழைய டொஸ் இருந்த பிளொப்பி கிடைத்தால் அதிலிருந்து எழுப்பிப் பார்க்கலாம். ஆனால் புதியது வந்த சந்தோஷத்தில் மாஸ்டர் முதல்நாளே அதை அழித்துவிட்டார், பிளொப்பிக்குத் தட்டுப்பாடு என்று. கொக்குவிலில் இன்னொரு வகுப்பு இருந்தது, எங்களுக்குப் போட்டி. மாஸ்டர் அந்தப் படி மிதிக்கமாட்டார். நான் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், அதை நடத்துபவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

அந்த மனுசன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மேசை லாச்சியைத் திறந்து பழைய டொஸ் பிளொப்பியை எடுத்தார். "ஓம், கொண்டு போங்கோ. திருப்பித் தருமட்டும் மாஸ்டரின்ரை பஞ்சாங்கம் எனக்கு ஈடு."

இருபது பாட்டு

பிளொப்பியைப் போட்டுச் சுவிச்சைத் தட்டினேன். முனகல். பிறகு திரையில் ஒற்றை எழுத்தும் பக்கத்தில் கண் சிமிட்டும் கோடும். பழைய டொஸ்ஸை உள்ளே திரும்ப எழுதும் கட்டளையைக் கொடுத்து, பிளொப்பியை எடுத்துவிட்டு மறுபடி தொடக்கினேன். மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என் கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

எழும்பியது. கோப்புகளின் பட்டியலில் அவர் தகப்பனாரின் பெயரும் இருந்தது. திறந்து கொடுத்தேன். கோபமே அறியாதவர், வந்தவர்க்கு வாரி வழங்கியவர் என்று பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அக்கா இருபதையும் இராகத்தோடு படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"நல்லகாலம், ரீச்சர். திரும்ப எழுதச் சொல்லியிருந்தா உண்மையை எல்லோ எழுதியிருப்பன்!"

இயந்திரத்தை எழுப்பக் கட்டளை ஒன்று இருந்தது. அது எழும்பும்வரை பக்கத்தில் நிற்பவர்களைச் சமாளிக்கத்தான் எந்தப் பிளொப்பியிலும் ஒன்றும் வரவில்லை.