வாய்விட்டுப் படித்த காலைகள்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நூலகத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் ஒரு நிமிடம் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். கூட்டிப் பெருக்குகிற வேலை என்று நானே உடனே சொல்லிவிடுவேன். அப்புறம் அவர்களுக்கும் சங்கடம் இல்லை, எனக்கும் இல்லை.

சங்கரன்கோவிலில் பதினொரு வயதில் தறிக்குப் போனேன். தறி ஓடுகிற கொட்டகையில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. கையைக் காட்டியே எல்லாம் நடக்கும். அங்கே இருபத்தைந்து வருடம் இருந்தேன். ஏற்கெனவே கூச்சக்காரன். அந்தச் சத்தத்துக்குள் இருந்து இருந்து, மனிதர்களோடு பேசுகிற பழக்கமே விட்டுப்போனது. ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. யாருக்கும் கேட்காது என்பதால், நூலை ஓட்டிக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சத்தமாகப் பேசிக்கொள்ளலாம். முதலாளி தறியை விற்ற பிறகு தெரிந்தவர் ஒருவர் சொல்லி நூலகத்துக்கு வந்தேன். கல்யாணம் ஆகவில்லை. தம்பி வாசுதேவநல்லூரில் குடும்பத்தோடு இருக்கிறான். பொங்கலுக்குப் போவேன், மறுநாள் வந்துவிடுவேன்.

பெருக்குகிற வேலை என்றேனே தவிர, நாளாக நாளாக எல்லா வேலையும் வந்து சேர்ந்தது. பேப்பர்களைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு போகாமல் இருக்க ஓரத்தில் தைத்து வைப்பது, ரேக்கின் காலடியில் கரையான் மண் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பது, மழை வந்தால் ஒழுகுகிற மூலையில் இருக்கும் புத்தகங்களை இடம் மாற்றுவது, எல்லாம் நான்தான். மைதா மாவில் துத்தம் கலந்து பசை காய்ச்சிக் கிழிந்த அட்டைகளை ஒட்டுவேன். துத்தம் போட்டால் பூச்சி அண்டாது. எங்கள் நூலகர் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் இன்னொரு நூலகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். மத்தியானம் அவர் அங்கே போகிற நாட்களில், திரும்பி வருகிற புத்தகங்களுக்கு முத்திரை குத்தி வாங்கி வைப்பதும் என் வேலை. அந்தம்மா என்னைவிட வயதில் சிறியவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

இத்தனை புத்தகங்களுக்கு நடுவில் இருந்தும் எனக்கு ஒரு குறை உண்டு. எனக்கு மனதுக்குள் படிக்க வராது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு வரி சொல்ல, நாங்கள் எல்லோரும் கத்துவோம். அப்படித்தான் எழுத்து எனக்குள் போனது. சத்தம் வந்தால்தான் அர்த்தம் வரும். வாயை மூடிக்கொண்டு பார்த்தால் எழுத்து எழுத்தாகவே நிற்கும். ஒரு பக்கம் முடித்துவிட்டு, என்ன படித்தோம் என்று யோசித்தால் ஒன்றும் இருக்காது. நூலகத்திலோ எல்லாச் சுவரிலும் அமைதி காக்கவும் என்று எழுதியிருக்கிறது. நான் குடியிருப்பது வரிசை வீடு. அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தால் என் வீட்டில் கேட்கும். அங்கே வாய்விட்டுப் படித்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள்.

அதனால் காலை நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். எட்டு மணிக்குத்தான் நூலகம் திறக்கும். நான் ஆறு மணிக்கே வந்து ஏழுக்குள் பெருக்கித் துடைத்துவிடுவேன். மீதி ஒரு மணி நேரம் என்னுடையது. பின்பக்கச் சன்னலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படிப்பேன். எதிரே காலி நாற்காலிகள். தறிக் கொட்டகையில் இருந்ததைப் போலவே, யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்.

ஒரு தடவை தடித்த பழைய நாவல் ஒன்று தையல் விட்டு மூன்று துண்டாக வந்தது. அதைத் தைத்து ஒட்டிக் காயவைத்தபோது நடுவில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. படித்துப் பார்த்தேன். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன். புருசன் வீட்டிலிருந்து கைப்பிள்ளையோடு கிளம்பிவிட்ட ஒரு பெண்ணின் கதை. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வந்தால் அதிகம். ஆனால் எனக்கு அவசரம் இல்லை. கிழவி பேசினால் கிழவி குரலில், அந்தப் பெண் பேசினால் மெல்லிய குரலில், மாமியார் பேசினால் மாமியார் மாதிரி என்று படித்தேன். வேறு எந்த இடத்திலும் நான் அப்படிச் செய்தது கிடையாது. மூன்று மாதம் போனது. அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெள்ளம் போகிற ஆற்றின் கரையில் பரிசல்காரனுக்காகக் காத்து நிற்கிற இடத்துக்கு வந்திருந்தேன்.

அப்போது எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு நாள் போகவில்லை.

மூன்றாம் நாள் தாமதமாகத்தான் போனேன். பத்து மணி இருக்கும். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருபது பேர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். நூலகர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் பேப்பர் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். பின்பக்கச் சுவரை ஒட்டி வேப்பமரத்தடியில் தேய்ப்பு வண்டி போட்டிருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதுவரை அவர் உள்ளே வந்ததே இல்லை. எதிரே பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

"என்ன வே! ரெண்டு நாளா எங்க போனீரு?" என்றார். தெருவில் கூப்பிடுகிற குரல்.

"காய்ச்சல் அண்ணாச்சி" என்றேன் மெதுவாக.

"காய்ச்சல் உமக்கு. அந்தப் பிள்ள கைக்குழந்தையோட ஆத்தங்கரையில நிக்காளே, அவளுக்கு என்ன வழி? பரிசல்காரன் வந்தானா, வரலையா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. இருபது தலைகளும் நிமிர்ந்தன. நூலகர், "அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. இவரு காலையில கதை வாசிப்பாருல்லா. நான் அந்தால நின்னு கேக்கேன். மூணு மாசமா கேக்கேன். அருமையா வாசிக்காரும்மா. பொம்பள பேசுத எடம் வந்தா பொம்பள மாதிரியே பேசுவாரு. அதுலயும் அந்த மாமியாக்காரி இருக்காளே, அடடா!"

கூடமே சிரித்தது. சுவரில் எழுதியிருந்த அமைதியை யாரும் நினைக்கவில்லை. நூலகர்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஒரு பையன், "அங்கிள், மாமியார் ஒரு தடவை வரட்டும், பாப்போம்" என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி போட்ட பெண் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. "வயித்துக்கு ஒழுங்காச் சாப்பிடும் வே, நாளைக்கு வாசிக்கணும்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. என் ஆயுளில் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்து, நீ இல்லாமல் இருந்தது எனக்குத் தெரிந்தது என்று சொன்னது அன்றைக்குத்தான். ஆனால் அதை நினைத்துச் சந்தோசப்பட அன்று என்னால் முடியவில்லை. பகல் முழுக்க ரேக்குகளுக்குப் பின்னாலேயே நின்று, துடைத்த புத்தகங்களையே திரும்பத் துடைத்தேன்.

மறுநாள் காலையில் நாற்காலியைப் போட்டு, புத்தகத்தை விரித்து, வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. சன்னலுக்கு வெளியே இஸ்திரிப் பெட்டியைக் கல்லில் வைக்கிற சத்தம் கேட்டது. மூன்று மாதமும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அங்கே ஒரு மனிதர் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எழுந்து சன்னலைச் சாத்தினேன்.

நான்கு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் சன்னல் கதவை அவர் தட்டினார்.

"ஏ வே, சன்னலத் தொறயும். உள்ள காத்து இல்லாம செத்துக் கெடந்தா நாந்தான் போலீஸுக்குப் பதில் சொல்லணும்."

திறந்தேன். வேப்பம்பூ ஒட்டிய தலையோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைங்க சிரிச்சதுக்கா வாசிக்க மாட்டேங்கீரு?"

"இல்ல அண்ணாச்சி. தொண்ட சரியில்ல."

"வெந்நி குடியும்" என்றார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது.

அந்த வாரமே நூலகர் என்னைக் கூப்பிட்டார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள், ஒண்ணாம் தேதியிலிருந்து ஆறரைக்கே திறந்துவிட வேண்டும் என்றார். "உங்களுக்குச் சிரமம் இல்லையேண்ணே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அண்ணாச்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதே ஆறேகால் மணிக்குத்தான். இனி அவருக்குக் கேட்கும்படி படிக்கக் காலையில் நேரமே இருக்காது. விடுமுறை நாளில் அவர் வண்டி போடுவதில்லை. ஒண்ணாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது. நாவலில் அறுபத்திரண்டு பக்கம் இருந்தது. எட்டு நாள் போதும். குரல்தான் வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் பெயரில் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். மீதிப் பக்கம் தொடங்குகிற இடத்தில் ஒரு சீட்டு வைத்திருந்தேன். "இதுல இருந்து அண்ணாச்சி. இன்னும் அறுபது பக்கம் இருக்கு" என்று நீட்டினேன்.

அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். தேய்த்து மடித்த சட்டையைப் பிடிப்பது போல இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார்.

"நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல வே."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே ஒருவர் இருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே கிடையாது. "வீட்டுல யாராவது வாசிச்சுக் காட்டினா..." என்று இழுத்தேன்.

"வீட்டுல யாரு இருக்கா? மவன் திருப்பூர்ல. அவன் அம்ம போட்டோவுல." புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "கரித் தூளு பட்ரும். உள்ள கொண்டுபோயி வையும்."

அதற்குப் பிறகு ஒரு காலை முயற்சி செய்தேன். சன்னலைத் திறந்து வைத்து, கண்ணைப் புத்தகத்தில் பதித்து ஆரம்பித்தேன். முதல் நான்கைந்து வரி வந்தது. அப்போது வெளியே இஸ்திரிப் பெட்டிச் சத்தம் நின்றது. அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார் என்று புரிந்தது. அந்தப் பெண் பேசுகிற இடம் வந்தது. என்ன குரலில் படிப்பது? என் குரலிலேயே படித்தேன். பரீட்சைப் பையன் கேள்விப் புத்தகம் படிப்பது போல இருந்தது. நாக்கு உளறியது. ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். நிறுத்தினேன்.

"பரவால்ல வே. மெள்ள வாசியும். நான் எங்கயும் போகல" என்று வெளியே இருந்து சொன்னார்.

அவர் திட்டியிருந்தால்கூடப் படித்திருப்பேனோ என்னவோ. அந்த இதமான குரலைக் கேட்டதும் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் இஸ்திரிப் பெட்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

ஒண்ணாம் தேதி வந்தது. ஆறரைக்குக் கதவைத் திறந்தபோது பன்னிரண்டு பேர் வாசலில் நின்றார்கள். சன்னல் ஓரத்து நாற்காலியில் கண்ணாடி போட்ட பெண் உட்கார்ந்தாள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

பத்து நாள் கழித்து நானாகவே வண்டிக்குப் போனேன். அவர் கதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், தினமும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"கதைய முடிச்சிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

பெட்டியைக் கல்லில் நிறுத்தினார். "சொல்லும், சொல்லும்."

"பரிசல்காரன் வந்தான். அக்கரையில கொண்டுபோயி விட்டான். அங்கன அவ அண்ணன் இருந்தான். பிள்ளையப் படிக்க வச்சு, அவன் பெரிய வேலைக்குப் போயிட்டான்."

அவர் இன்னும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

"இவ்வளவுதானா வே?"

"இவ்வளவுதான்."

"அறுபது பக்கம் இருக்குன்னீரே."

"எழுத்து பெருசு அண்ணாச்சி" என்றேன்.

ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, நல்லபடியாக் கரை சேந்துட்டால்லா. அது போதும்" என்று சொல்லிவிட்டு, ஒரு வேட்டியை எடுத்து உதறி விரித்தார்.

நான் சொன்னது பொய். அந்த அறுபத்திரண்டு பக்கத்தில் ஒன்றைக்கூட நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. மனதுக்குள் படிக்கத்தான் எனக்கு வராதே. அவருக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லாமல், நடந்து வருகிற வழியில் நானே கட்டியது. கட்டிய கதையும் நன்றாக இல்லை.

மழைக்காலம் வந்து போனது. "வேற கதை எதுவும் இல்லையா வே?" என்று ஒரு தடவை கேட்டார். "பாப்போம் அண்ணாச்சி" என்றேன். பிறகு கேட்கவில்லை.

போன மாதம் அந்த நாவலைக் கண்ணாடி போட்ட பெண் வீட்டுக்கு எடுத்துப் போனாள். பரீட்சை முடிந்திருந்தது. ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டு வந்தாள். நூலகர் மேலநீலிதநல்லூர் போயிருந்தார். முத்திரை குத்த நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன். அவளிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சூப்பர் அங்கிள். முடிவுதான் எனக்குப் பிடிக்கல" என்றாள்.

என்ன முடிவு என்று கேட்க வாயெடுத்தேன். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நகர்ந்தாள். நான் முத்திரையைக் குத்தி, அடுத்தவருடைய புத்தகத்துக்குக் கையை நீட்டினேன்.