குடத்தில் விழுந்த முகம்

காஜா பெராங் பகுதியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையில் வடக்குப் பார்த்த சன்னல் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். நான் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருந்த ஒரு பித்தளைக் கடைக்காகப் பாத்திரங்களைப் படம் எடுத்துக் கொடுத்தேன். வெளியூர்க் கடைக்காரர்களுக்கு முதலாளி அந்தப் படங்களைத்தான் அனுப்புவார்.

முதல் படத்தைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். குடத்தின் வயிற்றில் சன்னல், கேமரா, நான், எல்லாமே தெரிந்தன.

"தம்பி, நான் விக்கிறது கொடம். ஒங்க மூஞ்சியையும் சேத்து எவன் வாங்குவான்?"

அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. சன்னலில் எண்ணெய் தடவிய காகிதத்தை ஒட்டினேன்; வெயில் பால்போல இறங்கியது. சுவரிலிருந்து மேசைவரை ஒரே வெள்ளை வேட்டியை மடிப்பு விழாமல் தொங்கவிட்டேன். கேமராவுக்கு முன்னால் கறுப்புத் துணி, லென்சுக்கு மட்டும் ஓட்டை. அப்போதும் குடத்தின் ஒரு பக்கம் இருண்டே கிடந்தது. அங்கே வெளிச்சத்தைத் திருப்ப, யாராவது இன்னொரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்க வேண்டும். என் மனைவி பிடித்தாள்.

துணிக்குப் பின்னால் அவள் முழுக்க மறைந்திருக்க வேண்டும். கேமராவின் கண்ணாடித் தகட்டில் படம் பதிய, நான் பதினைந்து எண்ணும்வரை அசையக் கூடாது. அந்த வருஷம் அவளுக்கு இருமல். இருமினால் துணி ஆடும்.

"கொஞ்ச நேரம் அடக்கிக்கிட்டா என்ன?"

"அடக்குனா நிக்குமா? நீங்க வெரசா எண்ணுங்க."

அவள் இருமலை நான் துணியின் ஆட்டமாக மட்டுமே பார்த்தேன்.

ஒரு ஞாயிறு, பன்னிரண்டு எண்ணும்போதே துணியை இறக்கிவிட்டாள்.

"கை வலிச்சிருச்சுங்க. நானும் கொடத்துல விழுந்திருப்பேன்ல?" என்று சிரித்தாள்.

"விழுந்திருந்தா தகடு பாழ்."

"அப்ப என்னைத் தனியா ஒண்ணு எடுங்களேன்."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

தகட்டைக் கழுவியபோது பார்த்தேன், விழுந்திருந்தாள். குடத்தின் இருண்ட பக்கத்தில், புளியங்கொட்டை அளவில், துணிக்கு மேலே எட்டிப் பார்க்கும் முகம். கண்ணாடித் தகட்டின் பூச்சைச் சவரக்கத்தி முனையால் அந்த இடத்தில் சுரண்டினேன். முகம் இருட்டோடு இருட்டாகிவிட்டது. முதலாளி மெச்சியது அந்தப் படத்தைத்தான்.

அடுத்த வாரம் மழை, வெளிச்சமில்லை. அதற்கடுத்த வாரம் கடையிலிருந்து படமெடுக்கப் புதிய பித்தளைத் தட்டுகள் வந்திருந்தன. மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சு நோயில் அவள் போய்விட்டாள்.

முதல் வருஷத் திதியன்று, படையலுக்கு முன்னால் என் மகள் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது.

"அப்பா, அம்மா படம் ஒண்ணுகூட இல்லையா?"

"அம்மாவுக்குப் படம் எடுத்துக்கிறது பிடிக்காது" என்றேன். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறையக் குடமும் தட்டும் படங்களாக இருந்தன.

இன்று மகளுக்கும் தலை நரைத்துவிட்டது. நேற்று வந்திருந்தவர்களிடம், "எங்கம்மா ரொம்பக் கூச்சம், படமே எடுக்க விட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுக்காமல் காப்பியைக் குடித்தேன்.

என் காகிதங்கள் அவள் கைக்குத்தான் போகும். ஆகவே எழுதி வைக்கிறேன். உன் அம்மா கேட்டாள், அம்மா. நான்தான் எடுக்கவில்லை. தானாக விழுந்ததையும் நான்தான் சுரண்டினேன்.